கையிலிருக்கும் காசுக்குள் 50 டெராபைட்

பெரிய ஃபைல் சர்வர் ஒன்று கட்டப் போகிறேன், பட்ஜெட் இவ்வளவுதான், எந்த ப்ராசஸர் வாங்கலாம்? பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை எடுத்து நெட்வொர்க்கில் அனுப்ப ப்ராசஸருக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. அலுவலகங்கள் கழித்துப்போடும் பழைய நான்கு கோர் டெஸ்க்டாப்பே ஒரு கிகாபிட் லைனை நிரப்பிவிடும், நிரப்பிவிட்டுப் பாதிக்கு மேல் சும்மாவும் இருக்கும். வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றி அனுப்ப வேண்டும், நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட வேண்டும் என்றால் கதை வேறு. ஆனால் அது ஃபைல் சர்வர் அல்ல, அதற்கு வேறு பட்ஜெட்.

2009இல் ஆன்லைன் பேக்கப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் தங்களுடைய ஸ்டோரேஜ் பெட்டியின் வடிவமைப்பை அப்படியே வெளியிட்டார்கள். 4 யூ (ஏழு அங்குலம்) உயர ரேக் பெட்டி, உள்ளே 1.5 டெராபைட் டிஸ்க் 45, மொத்தம் 67 டெராபைட். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் அளவு. அதைவிட முக்கியம், காசு எங்கே போனது என்பது. செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு டிஸ்க்குக்கே போயிருந்தது. மிச்சமெல்லாம் சாதாரண டெஸ்க்டாப் வகை மதர்போர்டு, டிஸ்க்கை இணைக்கும் மலிவான சாட்டா கார்டுகள், டெபியன் லினக்ஸ், பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றிரண்டு போனாலும் டேட்டா போகாமல் காக்கும் அதன் சாஃப்ட்வேர் ரெய்டு. பளபளப்பான பாகம் ஒன்றுகூட இல்லை. நாம் கட்டப்போவது அதில் ஏழெட்டில் ஒரு பங்கு எண்ணிக்கை டிஸ்க்தான் என்றாலும் கணக்கு அதேதான்: டிஸ்க்குக்குப் போகாத ஒவ்வொரு காசும் ஏன் போகிறது என்று பதில் சொல்ல வேண்டும்.

சரி, அப்படியானால் கிடைக்கிற மலிவான டிஸ்க்கை நிறைய வாங்கி அடுக்கிவிடலாமே? இங்கேதான் பலருடைய பட்ஜெட் கவிழ்கிறது. டிஸ்க்கின் விலையை மட்டும் பார்க்கிறார்கள், அது உட்காரும் ஸ்லாட்டின் விலையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு சாட்டா போர்ட், ஒரு பவர் கனெக்டர், ஒரு கேபிள், கேபினெட்டில் ஓர் இடம், ஃபேனில் ஒரு பங்கு, வருடம் முழுக்க மின்சாரம் இத்தனையும் கேட்கும். 50 டெராபைட் கையில் வேண்டும், இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா போகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். 4 டெராபைட் டிஸ்க்கில் போனால் டேட்டாவுக்கு 13, போன டிஸ்க்கை மீட்டெடுக்கும் கணக்கை (பாரிட்டி) வைக்க 2, ஆக 15 டிஸ்க். 14 டெராபைட்டில் போனால் 4ம் 2ம், ஆறே டிஸ்க், கிடைப்பது 56 டெராபைட். ஆறு டிஸ்க்கை ஓரளவு பெரிய சாதாரண கேபினெட் தாங்கும், மதர்போர்டில் இருக்கும் போர்ட்டே போதும். பதினைந்து என்றால் தனி கார்டு, தனி கேபினெட், பெரிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மின்சாரமும் அப்படித்தான். ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒன்றுக்கு 5 வாட் என்று வைத்தால் ஒன்பது டிஸ்க் அதிகம் என்பது 45 வாட், வருடத்துக்கு 394 யூனிட். நான்கைந்து வருடத்துக்கு இதைக் கூட்டிப் பாருங்கள், 'மலிவான' 4 டெராபைட் டிஸ்க்கின் மலிவு எங்கே போனது என்று தெரியும். டிஸ்க் சும்மா கிடைத்தாலும் ஸ்லாட் சும்மா கிடைக்காது.

இன்னொரு கணக்கு, டிஸ்க்கை வாங்குவதற்கு முன்பே போட வேண்டியது. உங்களிடம் இருக்கும் டேட்டாவில் எவ்வளவு தொலைந்தால் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது? குடும்பப் படங்கள், ஆவணங்கள், சொந்தமாக எடுத்த வீடியோ, எழுதிய ப்ரோக்ராம் கோடு. பெரும்பாலானோருக்கு இது ஓரிரண்டு டெராபைட்டைத் தாண்டாது. மிச்சமெல்லாம் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், மறுபடி ரிப் செய்துகொள்ளலாம், எரிச்சல் வரும், அவ்வளவுதான். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் 50 டெராபைட்டையும் ஒரே தரத்தில் காப்பாற்றப் போனால் பட்ஜெட் எந்தக் காலத்திலும் போதாது. முதல் வகைக்கு வேறு இடத்தில் இன்னொரு பிரதி கட்டாயம், அதற்கான காசை முதலிலேயே எடுத்து ஒதுக்கி வைத்துவிடுங்கள். இரண்டாம் வகைக்கு பாரிட்டி போதும், பேக்கப் கூட வேண்டாம் என்பது என் கட்சி. ரெய்டு பேக்கப் ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். தவறுதலாக அழித்தாலும், ரான்சம்வேர் புகுந்தாலும், எஸ்எம்பிஎஸ் வெடித்து எல்லா டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனாலும் ரெய்டு வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, அப்படியே 50 டெராபைட்டுக்கு இன்னொரு 50 டெராபைட் வாங்கு என்று முடித்துவிடுகிறார்களே, அது காசு இருக்கிறவர் பேச்சு.

இனி பெட்டி. பழைய ரேக் சர்வர் செகண்ட் ஹேண்டில் மிகக் குறைவாக வரும், ஆசையாகத்தான் இருக்கும். வீட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். சின்ன ஃபேன்கள் அதிவேகத்தில் சுற்றும் சத்தம் கதவைச் சாத்தினாலும் கேட்கும், டிஸ்க் போடாமலேயே நூறு வாட் சுலபமாக இழுக்கும். பழைய டவர் வகை வொர்க்ஸ்டேஷன் நல்ல நடுவழி: பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் போடலாம், பிசிஐ ஸ்லாட் தாராளம். பெரிய நிறுவனங்களின் ரெடிமேட் டெஸ்க்டாப்பை எடுப்பதானால் ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள், மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர் வழக்கமான 24 பின்னா, இல்லை அவர்களே வைத்துக்கொண்ட தனி வடிவமா என்று. பல மாடல்களில் தனி வடிவம்தான். நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டி வந்தால் அடாப்டர் தேட வேண்டும்.

மதர்போர்டு போர்ட் போதாதவர்களுக்குக் கார்டு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குறைந்த காசில் உருப்படியான பொருள் கிடைக்கும் இடம் இது, அதே அளவு குப்பையும் இங்கேதான் கிடக்கிறது. சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு எட்டு டிஸ்க்கைத் தாங்கும், லினக்ஸ் எந்த டிரைவரும் கேட்காமல் அடையாளம் கண்டுகொள்ளும். அதே எஸ்ஏஎஸ் 2008 சிப்பைத்தான் ஐபிஎம் எம்1015, டெல் எச்200, எச்310 என்று வேறு பெயர்களில் விற்றார்கள், ஆகவே எது மலிவோ அது. வாங்கியதும் அதன் ரெய்டு ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்த மென்பொருளை) எடுத்துவிட்டு ஐடி மோடு ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். அப்போதுதான் கார்டு நடுவில் புகுந்து கெட்டிக்காரத்தனம் பண்ணாமல் டிஸ்க்கை இருப்பது இருப்பதுபோல ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கும். ஏற்கனவே ஐடி மோடில் விற்பவர்களும் உண்டு, கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் கொடுத்துவிடலாம். இதைவிடப் பழைய எஸ்ஏஎஸ் 1068இ சிப் கார்டுகள் இன்னும் மலிவாக வரும், தொடாதீர்கள், 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள டிஸ்க்கை அவற்றால் முழுசாகப் பார்க்கவே முடியாது. கேபிளும் கவனம். கார்டிலிருந்து நான்கு சாட்டாவாகப் பிரியும் கேபிளில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரண்டு ஜாதி, பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். நமக்கு வேண்டியது ஃபார்வர்டு. அப்புறம், இந்தக் கார்டுகள் சர்வருக்குள் வீசும் காற்றை நம்பிச் செய்தவை. டெஸ்க்டாப் கேபினெட்டில் போட்டால் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், மேலே ஒரு சின்ன ஃபேனைக் கட்டிவிடுங்கள். எட்டு போர்ட் தேவைப்படாதவர்களுக்கு ஏஎஸ்எம்1166 சிப் போட்ட ஆறு போர்ட் சாட்டா கார்டு போதும், மின்சாரமும் குறைவு. ஒரே பிசிஐ எக்ஸ்1 கனெக்டரை வைத்துக்கொண்டு பத்து, பதினாறு போர்ட் என்று தரும் கார்டுகள் இருக்கின்றன பாருங்கள், அவை உள்ளே போர்ட் மல்டிப்ளையர் வைத்து ஒரே வழியில் எல்லோரையும் நெரிப்பவை. ஒரு டிஸ்க் தடுமாறினால் கூடவே நான்கு டிஸ்க் காணாமல் போகும்.

டிஸ்க். சிஎம்ஆர் வேண்டும், எஸ்எம்ஆர் வேண்டாம். இரண்டும் டிஸ்க்கில் டிராக்குகளை அமைக்கும் விதம், சிஎம்ஆரில் அவை தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் டிராக்குகள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால் நடுவில் ஓரிடத்தில் எழுத வேண்டுமென்றால் பக்கத்து டிராக்குகளையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாகத் தெரியாது, ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றிவிட்டு மறுபடி நிரப்பும்போதுதான் தெரியும். நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) டிஸ்க் என்று லேபிளில் போட்டிருந்தால் நம்பிவிடலாம் என்பதும் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியே வந்து பெரிய ரகளையே நடந்தது, அதற்கப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்துப் பிரித்தார்கள். மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் டேட்டா ஷீட்டில் பார்த்துவிட்டு வாங்குவதுதான் ஒரே வழி.

புதிய டிஸ்க்குக்குக் கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, யூஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வாங்கி வெளி உறையை உடைத்து உள்ளே இருப்பதை எடுப்பது. விற்பனையில் ஒரு விசித்திரம், உறையோடு வரும் டிஸ்க் பல சமயம் உறையில்லாத டிஸ்க்கைவிட மலிவாக இருக்கும். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி விலை எகிறியபோது மேலே சொன்ன பேக்பிளேஸ்காரர்களே கடை கடையாக ஏறி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி உடைத்துத்தான் சமாளித்தார்கள். வாரன்டி போகலாம், அது தெரிந்தே செய்வது. உடைத்து எடுத்த டிஸ்க் சுற்றவே மாட்டேன் என்றால் டிஸ்க் கெட்டதென்று பயப்பட வேண்டாம், சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே இருக்கும்படி சில டிஸ்க்குகளைச் செய்திருக்கிறார்கள். அந்தப் பின்னை மின்சாரம் கடத்தாத கேப்டான் (Kapton) டேப்பால் மறைத்தால் எழுந்துவிடும்.

இரண்டாவது வழி, டேட்டா சென்டரில் ஓடிக் கழித்த என்டர்பிரைஸ் டிஸ்க். எனக்கு இதுதான் பிடித்தது. ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம், நாற்பதாயிரம் மணி என்றால் நாலரை வருடம் நிற்காமல் ஓடியது. வயதாகிவிட்டதுதான், ஆனால் குளிர்ந்த அறையில், அசையாமல், அடிக்கடி அணைத்துப் போடாமல் ஓடிய வயது. நான் அதைவிட, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைத்தான் பார்ப்பேன், அதாவது மாற்றப்பட்ட செக்டர், சந்தேகத்தில் நிற்கும் செக்டர், படிக்கவே முடியாத செக்டர். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 (டேட்டா பரிமாற்றப் பிழை) ஏறியிருந்தால் அது பெரும்பாலும் கேபிள் பிரச்சினை, டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு) வகை டிஸ்க் இன்னும் மலிவாக வரும், மேலே சொன்ன எல்எஸ்ஐ கார்டு இருந்தால் அதையும் போடலாம், மதர்போர்டு சாட்டா போர்ட்டில் ஏறாது. அதிலும் ஸ்டோரேஜ் அரேக்களிலிருந்து கழற்றியவை 520 பைட் செக்டரில் ஃபார்மட் ஆகியிருக்கும். எஸ்ஜி-ஃபார்மட் கமாண்டால் 512க்கு மாற்றினால்தான் லினக்ஸ் பயன்படுத்தும், அதற்கு ஒரு நாள் பொறுமை வேண்டும்.

எந்த வழியில் வந்த டிஸ்க்காக இருந்தாலும் டேட்டா ஏற்றுவதற்கு முன்னால் லினக்ஸின் பேட்பிளாக்ஸ் கமாண்டால் எழுதும் சோதனையைப் போட்டுவிடுங்கள். நான்கு விதமான பேட்டர்னை முழு டிஸ்க்கிலும் எழுதி ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும், ஆக எட்டு முறை டிஸ்க் முழுக்கப் போய் வர வேண்டும். 14 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 180 மெகாபைட்டில் ஒருமுறை ஓடி முடிக்கவே 22 மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும், எட்டு முறை என்றால் ஒரு வாரம். நீளம்தான். ஆனால் சாகப்போகிற டிஸ்க் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் செத்துவிட்டால் காசு மிச்சம்.

அந்த 22 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாரிட்டி ஒன்றா இரண்டா என்பதை முடிவு செய்வது அதுதான். டிஸ்க் ஒன்று போய்ப் புதியதை மாற்றினால் மிச்ச டிஸ்க் எல்லாம் ஒரு நாள் முழுக்க, வேலை நடந்துகொண்டிருந்தால் இன்னும் அதிகமாக, இடைவிடாமல் படிக்கப்பட வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கியவை, ஒரே வயது, இரண்டாவது ஒன்று அந்த நேரத்தில் விழுவதில் அதிசயம் எதுவும் இல்லை. பழைய டிஸ்க் என்றால் இரண்டு பாரிட்டி, பேச்சே கிடையாது. அதைவிட்டு 10 அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு பிழை என்று டேட்டா ஷீட்டில் இருக்கிறது, அது 12.5 டெராபைட், ஆகவே 14 டெராபைட்டைப் படித்தால் பிழை நிச்சயம் என்று ஒரு பயமுறுத்தல் உலவுகிறது. அந்த எண் நிறுவனம் ஒப்புக்கொள்ளும் மேல்வரம்பு, சராசரி அல்ல. அப்படியே ஒரு பிழை வந்தாலும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் அந்த ஃபைலை மட்டும் கெட்டது என்று பெயர் சொல்லிவிட்டு மேலே போகும், பூல், அதாவது டிஸ்க் தொகுப்பு, முழுக்கக் கவிழாது.

ஆமாம், நான் இசட்எஃப்எஸ் பக்கம்தான். எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைத்திருப்பதால் டிஸ்க் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிறது, பாரிட்டியிலிருந்து திருத்தியும் விடுகிறது. பழைய டிஸ்க்கை வைத்து ஓட்டுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். ஒவ்வொரு டெராபைட்டுக்கும் ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்ற பயத்தை விட்டுவிடலாம், வீட்டு ஃபைல் சர்வருக்கு 8 அல்லது 16 ஜிபியில் நன்றாகவே ஓடும், ரேம் கூடினால் கேஷ் கூடும், அவ்வளவுதான். டீடூப்ளிகேஷனை (ஒரே டேட்டா பலமுறை வந்தால் ஒரு பிரதி மட்டும் வைப்பதை) மட்டும் ஆன் செய்யாதீர்கள். பிளாக் ஒன்றுக்குச் சுமார் 320 பைட் அட்டவணை, 128 கேபி பிளாக்காக இருந்தால் ஒரு டெராபைட்டுக்கு இரண்டரை ஜிபி, 50 டெராபைட்டுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி கேஷும் இந்த வேலைக்கு வீண் செலவு, அந்தக் காசில் ஒரு ஸ்பேர் டிஸ்க் வாங்கி வைக்கலாம்.

வெவ்வேறு அளவில் டிஸ்க் கையில் கிடக்கிறது, இருப்பதை வைத்துத்தான் கட்ட முடியும் என்பவர்களுக்கு பாரிட்டி கணக்கிடும் ஸ்னாப்ரெய்டும் டிஸ்க்குகளைச் சேர்த்துக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ்ஸும் சரியான ஜோடி. ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், எல்லாம் சேர்ந்து ஒரே ஃபோல்டராகத் தெரியும், பாரிட்டி டிஸ்க் மட்டும் இருப்பதிலேயே பெரியதாக இருக்க வேண்டும். ஒரு ஃபைலைப் படிக்க ஒரு டிஸ்க் மட்டும் சுற்றினால் போதும், மற்றவை தூங்கலாம். பாரிட்டி தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் டிஸ்க்குகள் போனாலும், போன டிஸ்க்குகளில் இருந்தது மட்டுமே போகும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். குறை என்னவென்றால் பாரிட்டி அவ்வப்போது சிங்க் ஓடும்போதுதான் கணக்கிடப்படும், இன்று காலை போட்ட ஃபைல் இரவு சிங்க் வரை அம்போ. சினிமா, பாட்டு மாதிரி ஒருமுறை போட்டால் மாறாத டேட்டாவுக்கு இது பரவாயில்லை. குடும்பப் படங்களை இதை மட்டும் நம்பி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் கூடாது. ஓடும்போது 5 வாட் கேட்கும் டிஸ்க், சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு டிஸ்க் ஒன்றாக எழுந்தால் 16 ஆம்பியர், 190 வாட்டுக்கு மேல், டிஸ்க்குக்கு மட்டுமே. வாட் கணக்கு சரியாக இருந்தாலும் ஒரே ஒயரில் எல்லா டிஸ்க்கையும் தொங்கவிடாமல் பிரித்துக் கொடுங்கள். மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த கனெக்டர் வகையை வாங்கவே வேண்டாம், உள்ளே ஒயர்கள் ஒட்டிக்கொண்டு தீப்பிடிக்கும் என்று பெயர் வாங்கியவை. ஒயரை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்திய வகையாகப் பாருங்கள்.

நெட்வொர்க்குக்கு முதலில் செலவே வேண்டாம். கிகாபிட் லைன் விநாடிக்கு 110 மெகாபைட் தரும், அதற்கு ஒற்றை டிஸ்க்கே அதிகம். பழைய இடத்திலிருந்து 40 டெராபைட்டைக் கொண்டுவர மட்டும் இந்த வேகத்தில் நான்கு நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும், ஒருமுறைதானே. பிறகு தினசரி எடிட்டிங்குக்கு இடிக்கிறது என்றால் 2.5 கிகாபிட் போடலாம்.

ஆறு டிஸ்க்கையும் ஒரேயடியாக வாங்க முடியாதவர்களுக்கு இப்போது ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த இசட்எஃப்எஸ்ஸின் ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பிலிருந்து, அதன் பாரிட்டித் தொகுப்பான ரெய்டு-இசட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்த்துக்கொண்டே போகலாம். நான்கில் ஆரம்பித்து ஆறு வரை வளர்க்கலாம், ஏற்கனவே எழுதிய டேட்டா மட்டும் திரும்ப எழுதப்படும் வரை பழைய விகிதத்தில்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பாரிட்டியின் அளவை மட்டும் பின்னால் மாற்ற முடியாது, ஆகவே நான்கு டிஸ்க் இருக்கும்போதே, பாதி இடம் போகிறதே என்று வயிறு எரிந்தாலும், இரண்டு பாரிட்டியாகவே ஆரம்பியுங்கள். பூலை உருவாக்கும்போது லினக்ஸ் வரிசையாக வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் கொடுக்காமல் பை-ஐடி பெயரில் கொடுங்கள், அதில் சீரியல் நம்பர் இருக்கும். அதே நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு டிஸ்க்கின் வெளியே தெரியும் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள், என்றைக்காவது ஒரு டிஸ்க் போய்விட்டதென்று மெயில் வரும்போது நல்ல டிஸ்க்கைப் பிடுங்காமல் இருக்க அது உதவும்.